தனி லைன்

மின்விசிறியைப் போடக் கூடாது.

சித்திரை மாதம், பகல் மூன்று மணி, மேலே மொட்டை மாடி. ஆனாலும் போடக் கூடாது. காற்று பட்டால் அவருக்கு இடது பக்கம் முழுக்க எரிகிறது.

அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். வேட்டி விலகி அவருடைய இடது கால் வெளியே தெரிந்தது. மூடினாலும் குற்றம், மூடாவிட்டாலும் குற்றம்.

இரண்டு விரல் நுனியால் வேட்டியின் ஓரத்தை இழுத்தாள்.

"தள்ளிப் போ."

கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்.

நாற்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் ஒரு நாள்கூட அவளிடம் அவர் இப்படிச் சொன்னதில்லை. பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. இப்போது நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லிவிடுகிறார். அவர் மேல் தப்பில்லை. அது அவளுக்குத் தெரியும். தெரிந்துவிட்டால் வலிக்காதா என்ன?

டாக்டரம்மா படம் வரைந்து காட்டியிருந்தாள். மூளைக்கு நடுவில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. புறா முட்டை அளவு இருக்குமாம். தலாமஸ் என்று பெயர். கண் பார்ப்பது, காது கேட்பது, தோல் உணர்வது எல்லாம் முதலில் அங்கே போய்விட்டுத்தான் மேலே போகுமாம். வலது பக்கத்து முட்டைக்குப் போகிற இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதில் அதன் ஒரு மூலை செத்துப்போயிருந்தது. இடது பக்கத்தில் நடக்கிற கூத்தெல்லாம் அதனால்தான்.

"ஒரு ஜங்ஷன் மாதிரின்னு வச்சுக்கங்கம்மா."

அவளுக்கு ஜங்ஷனெல்லாம் தேவைப்படவில்லை. விருதுநகர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் போர்டுக்கு முன்னால் பதினெட்டு வருடம் உட்கார்ந்தவள் அவள். ஊரில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவள் ஒயரைச் செருகினால்தான் வெளியூருக்குப் பேச முடியும். ஒரு துளையில் செருக வேண்டியதைப் பக்கத்துத் துளையில் செருகினால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கல்யாண வீட்டுக்குப் போக வேண்டிய அழைப்பு தீயணைப்பு நிலையத்தில் போய் மணியடிக்கும்.

இங்கேயும் அதுதான் நடக்கிறது. அவள் தொடுகிறாள். அவருக்குள் தீ மணி அடிக்கிறது.

போர்டாக இருந்தால் ஒயரை உருவி மறுபடி செருகிவிடலாம்.

"மூக்கு?" என்று அன்றைக்குக் கேட்டாள். சும்மாதான் கேட்டாள். படத்தில் எல்லாக் கோடும் முட்டைக்கு வர, மூக்கிலிருந்து மட்டும் கோடு இல்லை.

"மூக்கு இங்க வராதும்மா. அதுக்குத் தனி லைன்."

வீட்டுக்கு வந்ததும் அதை மறந்துபோனாள். மாத்திரை, கஞ்சி, மூத்திரப் பாத்திரம், மறுபடி மாத்திரை. மறக்காமல் என்ன செய்வாள்?

அலுத்துப்போயிருந்தது அவளுக்கு. உடம்பு அலுப்பு தூங்கினால் போய்விடும். இது அது இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

வலது கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கை எந்நேரமும் இடது கைக்குக் காவல் நிற்கிறது. மகளானாலும் சரி, பெண்டாட்டியானாலும் சரி, கிட்டே யாரையும் விடுவதில்லை.

என்னைப் பிடிக்காமலே போய்விட்டதோ என்றுகூடச் சில சமயம் அவளுக்குத் தோன்றுகிறது.

காலையிலிருந்து குளிக்க நேரம் கிடைக்கவில்லை. இரண்டு படுக்கை விரிப்பைத் துவைத்துப் போட்டதிலேயே பாதி நாள் போயிற்று. மின்விசிறி இல்லாத வீட்டில் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. வியர்வை, சோப்புத் தூள், தாளித்த பெருங்காயம். அவளுக்கே அவள் மேல் சகிக்கவில்லை.

இந்த நாற்றத்தோடு நின்றால் தள்ளிப் போ என்று சொல்லாமல் வேறென்ன சொல்வார்?

துண்டு அவர் தலைமாட்டுக்கு மேலே கொடியில் கிடந்தது. சேலை அவர் மேல் பட்டுவிடாதபடி ஒரு கையால் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் எக்கி எடுத்தாள்.

அவர் மூச்சை இழுத்தார். நெற்றி சுருங்கியது. முகம் அவள் பக்கம் திரும்பியது.

அவள் முந்திக்கொண்டாள்.

"போறேன், போறேன். குளிச்சிட்டு வந்துடுறேன்."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிலைப்படி வரை போய்விட்டாள்.

"சொர்ணம்."

ஏழு மாதமாக அவர் கூப்பிடாத பெயர்.

திரும்பிப் பார்த்தாள். கண் மூடியேதான் இருந்தது. காவலுக்கு நின்ற வலது கை மட்டும் இடத்தை விட்டு இறங்கி, மெத்தையில் மல்லாந்து கிடந்தது.

"இப்பக் குளிக்காத."

அவள் அப்படியே நின்றாள். மூக்குக்குத் தனி லைன் என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. பிறகு மெல்ல நடந்து அவர் தலைமாட்டுக்கு வந்தாள். சேலையை இடுக்கிக்கொண்டாள். கையைத் தூக்கினாள்.

துண்டை மறுபடி கொடியில் போட அவளுக்கு வெகு நேரம் ஆனது.