ராட்சசி வதம்

“நான் சூனியத்த ஏவுறேன். ஒம் பொண்டாட்டிய வெட்டச் சொல்லுடா” என்றாள் சோணையம்மாள்.

“வெட்டத்தான் போறேன். ஒங்க அம்மாவக் குறுக்க வராம இருக்கச் சொல்லுங்க” என்றாள் பவதாரிணி.

வாசலில் கீரை விற்க வந்த பெண், கீரைக்கட்டை அப்படியே படியில் வைத்துவிட்டுக் காசு வாங்காமலே நடையைக் கட்டினாள்.

உள்ளே நடுவில் உட்கார்ந்திருந்த பாண்டிராஜ் இரண்டு பக்கமும் தலையாட்டினான். பகடை உருட்டி, கதை சொல்லி, ஆளுக்கொரு வேஷம் கட்டி ஆடுகிற ஆட்டம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளிகளோடு ஆடுவான். அன்று முகூர்த்த நாள், ஒருத்தனும் வரவில்லை. ஒரு நப்பாசையில் அம்மாவை மந்திரவாதியாகவும் மனைவியைப் போர்வீரியாகவும் உட்கார வைத்துவிட்டான்.

மீன்குழம்புக்குத் தக்காளி போடலாமா கூடாதா என்று ஆரம்பித்த சண்டை. மாமியாரும் மருமகளும் பேச்சை நிறுத்திப் பல மாதமாகிவிட்டது. உப்பு வேண்டுமென்றாலும் அவன் வழியாகத்தான் போய் வரும். பவதாரிணி விளாங்குடியில் தனி வீடு பார்த்துவிட்டாள். வீட்டுக்காரருக்கு மறுநாள் பதில் சொல்லியாக வேண்டும். அம்மாவை விட்டுவிட்டு எப்படிப் போவது, இவளை விட்டுவிட்டு எப்படி இருப்பது என்று பாண்டிராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

கதைப்படி, அவர்களுடைய திருநகர் வீட்டு ஹால்தான் குகை. குகைக்குள் ஒரு ராட்சசி. அவளை அவன் தன் ஆபீஸ் மேனேஜர் கனகலட்சுமியை மனதில் வைத்துச் செய்திருந்தான். வெளியே சொன்னால் வேலை போய்விடும்.

“இன்னுமா முடியல?” என்று ராட்சசியின் குரலில் இழுத்தான். “தள்ளு, நானே செஞ்சுக்கிறேன். ஒனக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?”

அதைக் கேட்டதும் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சோணையம்மாள் தீயை ஏவினாள். ராட்சசியின் தோலில் அது உறைக்கவே இல்லை. பவதாரிணி வெட்டினாள். கத்தி வழுக்கிக்கொண்டு போனது.

“நானே மந்திரமும் போட்டு, வெட்டவும் செஞ்சா?” என்றாள் சோணையம்மாள்.

“ஒரு முறைக்கு ஒரு வேலதாம்மா. ஒண்ணு மந்திரம், இல்ல வெட்டு.”

“என்னடா சட்டம் இது? ஒரு கையில ட்ரிப்ஸ், ஒரு கையில ஊசின்னு வார்டையே பாத்தவடா நான்!” ரிட்டயரான பிறகும் அவளுக்குள் இருந்த நர்ஸ் ரிட்டயராகவில்லை. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். “சரி. தீய ராட்சசி மேல ஏவாம, இவ கத்தி மேல ஏவுனா?”

பாண்டிராஜ் வாயைப் பிளந்தான். கூட்டாளிகளில் ஒருத்தனுக்கும் இது தோன்றியதில்லை. “செல்லும்மா. கத்தி எரிஞ்சுக்கிட்டே இருக்கும். ஆனா ஒம்மேல ஒரு அடி விழுந்தாப் போதும், கவனம் கலைஞ்சு தீ அணைஞ்சிரும்.”

பவதாரிணி மாமியாரை நேராகப் பார்த்தாள். “எம் பின்னாடி வந்து நில்லுங்கத்தை. ஒரு தூசி விழாமப் பாத்துக்கிறேன்.”

“நீ தெம்பா வெட்டுத்தா. தீ அணையாது.”

பல மாதத்துக்குப் பிறகு இடையில் ஆள் இல்லாமல் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

ராட்சசி உலக்கையை ஓங்கினாள். பவதாரிணி கேடயத்தில் வாங்கினாள். மூன்றில் ஒரு பங்கு உயிர் போனது. ராட்சசி மறுபடியும் ஓங்கினாள். ஒதுங்கியிருந்தால் அடி மாமியார் மேல் விழுந்திருக்கும். அவள் ஒதுங்கவில்லை. இன்னொரு அடி விழுந்தால் போர்வீரியின் கதை முடிந்தது.

சோணையம்மாள் எழுந்துபோய்ப் பகடைக்குத் திருநீறு பூசிக்கொண்டு வந்து, மருமகளின் உள்ளங்கையில் வைத்தாள். “உருட்டு.”

இருபது விழுந்தது. அதற்கு மேல் அந்தப் பகடையில் எண்ணே கிடையாது.

“தலைய எடுக்கிறேன்!” என்று கத்தினாள் பவதாரிணி.

“முடியப் புடிச்சு எடு ஆத்தா!” என்று சோணையம்மாள் மேசையைக் குத்தினாள்.

எரிகிற கத்தி இறங்கியது. ராட்சசி ஒழிந்தாள். மாமியாரும் மருமகளும் கையைக் கோத்துக்கொண்டு குதித்தார்கள். அதே சூட்டில் சோணையம்மாள் மருமகளுக்குக் காபி போட அடுப்படிக்குள் போனாள்.

“விளாங்குடி வீடு வேணாம்னு சொல்லிருங்க” என்றாள் பவதாரிணி, மூச்சு வாங்க. “இங்கயே இருப்போம்.”

பாண்டிராஜுக்குக் கண் கலங்கியது. அம்மா காலில் விழலாமா என்ற யோசனையோடு அடுப்படிக்குப் போனான்.

“அடுத்த வாரமும் அந்த ராட்சசி வரணும்டா” என்றாள் சோணையம்மாள்.

“அவதான் செத்துப்போயிட்டாளேம்மா.”

“கதை சொல்றவன் நீதான? எந்திரிக்க வையி.” குரலைத் தாழ்த்தினாள். “அந்த வாயும் அந்த இழுப்பும்... அச்சு அசலா ஒம் பொண்டாட்டிதான்டா. எப்பிடிடா இம்புட்டுத் தைரியம் வந்துச்சு ஒனக்கு?”

பாண்டிராஜ் காபி டம்ளரை எடுத்துக்கொண்டான். சிந்தாமல் ஹாலுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். நல்லவேளை, பவதாரிணியின் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

அவள் காபியை வாங்கிக்கொண்டாள். அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் காதோரம் குனிந்தாள்.

“அத்தைக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல, அந்த ராட்சசி அவங்கதான்னு?”