சிங்கம் வருவதற்கு முன்

"ஆரையும் நோகடிச்சியோ, இனி உன்ர கையில மைக் வராது. விளங்குதோ?"

அப்படிச் சொல்லித்தான் வரதராஜா அங்கிள் மைக்கைக் கொடுத்தார்.

"ஓம் அங்கிள்," என்றான் சுஜீதன், பரம சாதுவாக. அவர் முதுகு திரும்பியதும், அதே வசனத்தை அவருடைய குரலிலேயே பின்வரிசைக்குச் சொல்லிக் காட்டினான். பின்வரிசை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

மெல்பேர்னின் ட்ருகனினாவில் தமிழ்ச் சபையின் ஈஸ்டர் படக்காட்சி. கிட்டத்தட்ட நூறு வருசத்துக்கு முந்தைய ஹாலிவுட் படம். ரோமாபுரிச் சக்கரவர்த்தி, கிறிஸ்தவர்கள், பசித்த சிங்கங்கள் எல்லாம் உண்டு. பேச்சு மட்டும் கிடையாது. இடையிடையே ஆங்கில எழுத்து வரும். மூத்தவர்கள் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அதுவும் போய்விடும்.

அதற்காகத்தான் சுஜீதன், படத்துக்குத் தமிழில் பேச. சபையில் உள்ள எல்லாருடைய குரலும் அவன் தொண்டைக்குள் குடியிருந்தது.

சக்கரவர்த்தி அரியணையிலிருந்து கையை நீட்டினார். வரதராஜா அங்கிளின் குரல் வந்தது.

"கார் பார்க்கில ஆரின்ரயோ தேர் குறுக்கால நிக்குது. உடன எடுங்கோ!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது.

கிறிஸ்தவர்களைப் பிடிக்க வந்த சிப்பாய்க்குச் சென்னைக்காரர் பிரதீப்குமார் அங்கிளின் குரல்.

"தப்பா நினைச்சுக்காதீங்க, மேலிடத்து ஆர்டர். ஒரு அஞ்சு நிமிஷம் ஜெயிலுக்கு வந்துட்டுப் போயிடுங்க."

பிரதீப்குமாரே எழுந்து நின்று கைதட்டினார்.

மகாராணிக்குச் சந்திரகலா அன்ரி. சங்கிலியில் கிடந்த ஒரு தாயைக் குனிந்து பார்த்து, "அது கிடக்கட்டும், மகள் மெடிசின்தானே படிக்கிறா?"

கூண்டுக்குள் உலாவிய சிங்கத்துக்கு அவனுடைய சொந்த அப்பா. "தவசுகாலம் முடிஞ்சு ஈஸ்டரும் வந்திட்டுது, இன்னும் மரக்கறியோ?"

கடைசிக் கட்டம் வந்தது. மணல் அரங்கின் நடுவில் ஒரு வயதான கிறிஸ்தவர் தனியே நிற்கிறார். கூண்டுக் கதவு மெல்ல உயர்கிறது. அவர் வானத்தைப் பார்த்து உதட்டை அசைக்கிறார்.

சுஜீதனிடம் கைவசம் இருந்த குரல்கள் தீர்ந்திருந்தன. வாய்க்கு வந்ததை விட்டான். முதலில் இரண்டு செருமல். பிறகு:

"அப்ப யோகா, வெளிக்கிடுவமே?"

சிரிப்பு பட்டென்று அறுந்தது.

அது ஜெயரட்ணம் அங்கிள். எந்த விழாவிலும் வீட்டுக்குப் புறப்படும் நேரத்தில் மனைவி யோகாவிடம் அவர் கேட்கும் கேள்வி. அவரைப் புதைத்த இடத்தில் இன்னும் புல்கூட முளைக்கவில்லை. யோகா அன்ரி இரண்டாவது வரிசையில் இருந்தார்.

யாரோ படத்தை நிறுத்தி லைட்டைப் போட்டார்கள். திரையில் சிங்கம் தலையை மட்டும் நீட்டியபடி உறைந்தது.

"வெக்கமில்லையோ உனக்கு?" வரதராஜா மைக்கைப் பறித்தார். "செத்த மனுசனை வைச்சும் பகிடியோ? போடா வெளியில!"

"அதுவும் யோகாக்காவுக்கு முன்னால!" என்றார் சந்திரகலா. "நாங்கள் எல்லாரும் அவரின்ர பேரையே எடுக்காமப் பாத்துப் பாத்துக் கதைக்கிறம். இவன்ர தேப்பன் எங்கை?"

சுஜீதனின் அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

சுஜீதனுக்கு அத்தனை குரலும் போய்விட்டது. மிஞ்சியது அவனுடைய சொந்தக் குரல் மட்டும். அது நூல் மாதிரி இருந்தது.

"சொரி அன்ரி... நினைக்காமல் வந்திட்டுது."

யோகா அன்ரி எழுந்தார். கதிரைகளைப் பிடித்துப் பிடித்து முன்னுக்கு வந்தார். கன்னத்தில் அறை விழப்போகிறது என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

விழவில்லை. அவர் வரதராஜாவின் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"எல்லாரும் என்ர வீட்டுக்கு வாறியள். சாப்பாடு கொண்டு வாறியள். நான் அவரைப் பற்றி வாய் திறந்தா மட்டும், மெல்பேர்ன் குளிரைப் பற்றிக் கதைக்கிறியள்."



அன்ரி மைக்கைச் சுஜீதனின் கையில் திணித்தார்.

"லைட்டை அணையுங்கோ. தம்பி, அந்தக் கட்டத்தை இன்னொருக்காப் போடச் சொல்லு. சிங்கம் வர முன்னம் நிப்பாட்டிப்போட்டு, அவரின்ர குரலில கதைச்சுக்கொண்டிரு. என்ர மனுசன் வெளிக்கிடுவம் எண்டு சொன்னா, வாசல்ல நிண்டு அரை மணித்தியாலம் கதைச்சுப்போட்டுத்தான் வெளிக்கிடும்."