மண்டையோட்டுக்குக் காவல்

"யாரும் கை வைக்கலயே, சிவஞானம்?"

ஜீப் நிற்பதற்குள் குதித்து இறங்கிய தட்சணாமூர்த்தி கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"வெளியாளு ஒருத்தன் கிட்ட வரல சார். நான் விடுவனா?" என்றார் சிவஞானம். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர். அளத்தை ஒட்டிய செம்மண் ஓடையும் அவருடையதுதான்.

போன மாதம் அந்த ஓடைக்கரை சரிந்தபோது, கல்லாய் இறுகிய ஒரு மண்டையோடு வெளியே தெரிந்தது. பல்லாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆதிமனிதன் என்று தட்சணாமூர்த்தி சொன்னதும், அவர் பாடம் நடத்தும் கல்லூரியே சிரித்தது. "குரங்கு மண்டையா இருக்கப் போவுது, பார்த்துக்கய்யா!"

மெட்ராஸ் பேராசிரியை சரஸ்வதி ஒருவர்தான் வர ஒப்புக்கொண்டார். அதுவும் டிரங்க் காலில் கறாராகச் சொல்லிவிட்டார். "போட்டோ எல்லாம் வேணாம். மண்ணுல பதிஞ்சபடியே என் கண்ணால பார்க்கணும். இல்லேன்னா நம்ப மாட்டேன்."

ஆகவே தட்சணாமூர்த்தி அதை அசைக்காமல் தார்ப்பாய் போட்டு மூடி, சிவஞானத்தைக் காவல் வைத்துவிட்டுப் போனார். போனாரே தவிர, மனுஷனுக்குத் தூக்கம் ஏது? வானம் கறுத்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

"மழை?"

"சொட்டு விழல."

"நாய், நரி?"

"அண்டல சார்."

"ஆரோவில்லேருந்து வெள்ளைக்காரங்க யாராச்சும்..."

"ரெண்டு பேரு வந்தாங்க. நடையைக் கட்டுங்கன்னுட்டேன்."

தட்சணாமூர்த்திக்குப் பாதி உயிர் திரும்பியது. மீதி, தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது.

"ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு?" என்றார், ஜீப்பிலிருந்து பின்னாலேயே இறங்கி வந்த பேராசிரியை.

"வெயில் மேடம்."

பாவம், வெயில் மேல் பழி. தட்சணாமூர்த்தி தார்ப்பாயை விலக்கினார்.

வெறும் குழி. சுத்தமாகக் கூட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது.

"எங்கய்யா?" என்றார். பேராசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சிவஞானம் தலைத்துண்டை அவிழ்த்தார். உள்ளே புது மொட்டை.

"நம்ம எல்லாருக்கும் மூத்த பாட்டன்னு அன்னிக்கு நீங்கதானே சார் சொன்னீங்க? இத்தினி காலமா காரியம் பண்ண நாதியில்லாம கெடந்திருக்காரேன்னு மனசு கேக்கல. நேத்து அமாவாசை, முறையா கடல்ல கரைச்சிட்டோம். மேடமும் அவரு பேத்திதானே, ஒரு முழுக்கு போட்டுட்டுப் போவட்டும்!"