பூட்டிய வீட்டில் ஒரு பாடம்

"நீர் பாரிசுக்குப் புதுசு. ஆர் தட்டினாலும் திறந்திடுவீர்," என்று சொல்லிவிட்டு, தவசீலன் தினமும் மனைவி சுகிர்தாவை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போவான். பிரெஞ்சுச் சோதனைக்குப் பாடம் மட்டும் தவறாமல் கொடுப்பான். "பின்னேரம் வந்து கேப்பன். பாடமாக்கி வையும்."

இன்றைய வினைச்சொல் மூடுவது. எப்போதோ நடந்து முடிந்துவிட்ட காலத்தில் சொல்ல வேண்டும். சுகிர்தா சுவரில் சாய்ந்து உரக்கச் சொன்னாள். "ஜவே ஃபெர்மே." நான் மூடியிருந்தேன். சுவருக்கு அப்பாலிருந்து, அவள் முகமே பார்த்திராத பக்கத்து வீட்டுக்காரி வழக்கம்போல உச்சரிப்பைத் திருத்தினாள். நீ மூடியிருந்தாய். அதற்கும் ஒரு திருத்தம் வந்தது.

"இல் அவே ஃபெர்மே." அவன் மூடியிருந்தான்.

அடுத்த வரிக்குப் போகவில்லை. அதையே மறுபடி சொன்னாள். பிறகு எழுந்துபோய், வாசற்கதவின் கைப்பிடியைப் பிடித்து உலுக்கியபடி இன்னும் உரக்கச் சொன்னாள்.

 இந்தமுறை சுவருக்கு அப்பாலிருந்து திருத்தம் வரவில்லை. சற்றுப் பொறுத்து அங்கே ஒரு கதவு திறந்தது. செருப்புச் சத்தம் இவள் வாசலுக்கு வெளியே வந்து நின்றது. யாரோ மெல்லத் தட்டினார்கள்.

சுகிர்தா உள்ளேயிருந்து திருப்பித் தட்டினாள்.