ரொட்டிப் பங்காளி

மேசைமேல் நாய் பூசணி கண் சொருகிக் கிடந்தது. நாயின் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்டார்.

"தினமும் காலையிலதான் மயங்குதா?"

"ஆமா டாக்டர். அப்பாகூட உட்கார்ந்து ரொட்டி தின்னும். கொஞ்ச நேரத்துல கால் நடுங்கி விழுந்துடுது" என்றாள் மகள்.

"நான் ஊட்டினாத்தான் பூசணித் துரை சாப்பிடுவாரு" என்றார் அப்பா பெருமையாக. மறுபடியும் தண்ணீர் குடிக்க வெளியே போனார்.

"பாவம், கவலையில அவருக்குத் தொண்டை வறண்டு போகுது" என்றாள் மகள்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "இதுக்கு நோய் எதுவும் இல்லம்மா. சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரை வயித்துக்குள்ள போயிருக்கணும். குளுக்கோஸ் ஏத்தினா பிழைச்சுக்கும். வீட்டுல யாருக்குச் சர்க்கரை நோய்?"

"அப்பாவுக்குத்தான். மாத்திரைன்னாலே அவருக்கு ஆகாது. அதனால தினமும் ரொட்டி குடுக்கும்போது நானே பக்கத்துல நின்னு வாயில போட வைக்கிறேன்."

"முழுங்கினதைப் பார்த்தீங்களா?"

அவள் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள்.

"நாயை நான் பார்த்துக்கறேன். முதல்ல அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அப்பா இன்னொரு பாட்டிலைத் திறந்து, மூச்சு விடாமல் குடித்துக்கொண்டிருந்தார்.