இசக்கி நின்ற இடம்

குடலின் உட்சுவரில் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற செல்களில் இசக்கியும் ஒருத்தி. அங்கே யாருக்குமே ஐந்து நாள்தான் ஆயுசு. அவளுக்கு அன்று மூன்றாம் நாள். கெட்டுப்போன சட்னியோடு வந்த ஒரு கிருமி அவளுக்குள் புகுந்துவிட்டது.

“ஏட்டி வடிவு, எனக்குள்ள ஒருத்தன் பூந்துட்டான். என்னைத் தள்ளி விட்டுரு” என்றாள் பக்கத்தில் நின்றவளிடம்.

வடிவு அழுதுகொண்டே தோளை விடுவித்தாள்.

“கூறுகெட்டவளே, சந்து விட்டா இவன் கூட்டமே உள்ள போயிரும்! மொதல்ல எனக்குக் கீழ எல்லாரும் காலைக் கோத்துக்கிடுங்க. பெறவு தள்ளுங்க” என்று அதட்டினாள் இசக்கி.

“இன்னும் ரெண்டு நாளு இருக்கேக்கா ஒனக்கு.”

“அதுக்குள்ள இவன் ஆயிரமாப் பெருகிருவான். தள்ளுட்டி!”

சுற்றி நின்றவர்கள் காலைக் கோத்து இறுக்கி, அவளை மேலே உந்தினார்கள். உள்ளே கிருமி முட்டி மோதியது. இசக்கி அதை விடவில்லை. இறுகப் பிடித்தபடியே சுவரைவிட்டுக் கழன்று, குடலின் வெள்ளத்தில் விழுந்தாள்.

அடித்துக்கொண்டு போகையில் திரும்பிப் பார்த்து, தான் நின்ற இடத்தைத் தேடினாள். சுவரில் அப்படியொரு இடமே இல்லை.

“பாத்தியாலே, எங்காளுக நிக்கிற நிப்ப?” என்றாள், தனக்குள் அடைபட்டுக் கிடந்தவனிடம்.