எட்டு விநாடி ஓடை

மெர்டேக்கா எனும் சுதந்திரம் வந்த ஆண்டில் நடந்த புகைப்படப் போட்டிக்கு, காஜா பேராங் தெரு ஸ்டூடியோக்காரர் சேதுராமன் ஓர் ஓடைப் படத்தைக் கொண்டுவந்திருந்தார். அதில் தண்ணீர் வெண்பட்டுபோல் வழிந்தது.

“ஷட்டரை எட்டு விநாடி திறந்து வச்சீங்களா? பிரமாதம் லா!” என்றார் நடுவர் யூனுஸ். “ஆனா நடுப்பாறையில எதுக்கு அம்மன் சிலை? இயற்கைக் காட்சியில பொம்மையைக் கொண்டுபோய் வச்சா பரிசு கிடையாது.”

சேதுராமன் பதறினார். “சிலை இல்லீங்க!”

“மனுஷன்னா மங்கலாத்தானே விழும்? எட்டு விநாடி யாரு அசையாம நிப்பா?”

பின்னால் நின்ற சேதுராமனின் மனைவி சாரதாம்பாள் முன்னே வந்து, கணுக்காலில் இன்னும் ஆறாத அட்டைக்கடியைக் காட்டினாள்.

“நான்தாங்க அது. அட்டை கடிக்கும்போதுதான் இவரு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்சாரு. எட்டு சொல்ற வரைக்கும் மூச்சுகூட விடல.”

யூனுஸ் எழுந்து நின்றார். முதல் பரிசுச் சான்றிதழில் அவள் பெயரையும் சேர்த்து எழுதினார்.